படகுக்கு இரண்டு சாவி

மாமா ‘லாக்’ என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அப்போ சாவி யாருட்ட இருக்கும்?” என்பதுதான்.

மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது பூட்டு இல்லை, படகு போவதற்காகக் கால்வாயில் இரண்டு கதவு வைத்துக் கட்டும் ஓர் அறை, அதற்கு அப்படி ஒரு பெயர், அவ்வளவுதான் என்றார். அம்மா விடவில்லை. “பேரு பூட்டுன்னா சாவி இல்லாம எப்பிடிலே இருக்கும்?” என்றாள். இப்போது யோசித்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்தைப் பொறுத்தவரை அம்மா கேட்டதுதான் சரியான கேள்வி.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. ஆலப்புழைப் பக்கம் படகில் வேலை பார்த்தார். குற்றாலத்தில் சாரல் தொடங்கி அருவியில் தண்ணீர் விழுகிறது என்று கேள்விப்பட்டதும், ஒவ்வொரு வருடமும் செங்கோட்டை வழியாக பஸ் பிடித்து வந்துவிடுவார். பையில் நேந்திரங்காய் வற்றல் இரண்டு பொட்டலம் இருக்கும். ஒன்று எங்கள் வீட்டுக்கு, இன்னொன்று பெரியம்மா வீட்டுக்கு. மத்தியானம் இங்கே சாப்பிட்டால் ராத்திரி அங்கே சாப்பிட வேண்டும். இதில் ஒரு வேளை மாறிப்போனாலும் ஏதாவது ஓர் அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள்.

பெரியம்மா அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பெரியப்பா அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன். அக்காவும் தங்கையும் அண்ணனுக்கும் தம்பிக்கும் வாழ்க்கைப்பட்டு, ஒரே வீட்டுக்கு வந்தவர்கள். வீடு இரண்டான பிறகும் நடுவில் ஒரு முள்வேலியும் ஒரு முருங்கை மரமும் மட்டும்தான் இருந்தன. ஆனாலும் பேச்சு வார்த்தை கிடையாது. சண்டை அண்ணனுக்கும் தம்பிக்கும்தான். அவர்கள் பேசாததால் அக்காவும் தங்கையும் பேசக்கூடாது என்று யாரும் சொல்லாமலே வழக்கமாகிவிட்டது. எனக்கு முன்பல் விழுந்த வருடம் தொடங்கிய சண்டை அது. பல் முளைக்கும் முன் முடிந்துவிடும் என்று நினைத்தார்கள். எனக்குப் பல் முளைத்து, தம்பிக்கும் விழத் தொடங்கிவிட்டது.

சண்டைக்குக் காரணம் கால்வாய். எங்கள் ஊர் குத்துக்கல்வலசையைத் தாண்டி உள்ளே இருக்கிறது. சிற்றாற்றில் பிரிந்து வரும் கால்வாய் எங்கள் வயல்களை ஒட்டிப் போய்க் குளத்தில் விழும். அதன் குறுக்கே மேலக்கதவு, கீழக்கதவு என்று இரண்டு இரும்புக் கதவுகள். இரண்டுக்கும் நடுவில், கதவுகளைவிட அகலமாக, இருபுறமும் கல் கட்டிய பள்ளம். பாகம் பிரித்தபோது மேலவயலோடு மேலக்கதவு பெரியப்பாவுக்கும், கீழவயலோடு கீழக்கதவு அப்பாவுக்கும் வந்தது. கதவை ஏற்ற இறக்க ஓர் இரும்புக் கைப்பிடியை மாட்டித் திருக வேண்டும். அந்தக் கைப்பிடியைத்தான் எங்கள் ஊரில் சாவி என்பார்கள். வேறு யாரும் தொட்டுவிடாதபடி வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவது வழக்கம். பெரியப்பாவின் சாவி அவர் கட்டிலுக்கு அடியில் கிடக்கும். எங்கள் சாவி அடுக்களைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும்.

ஒரு வருடம் கார் பருவத்து நெல் நடவு சமயத்தில் அப்பா கீழக்கதவை அடைத்து எங்கள் வயலுக்குத் தண்ணீர் ஏற்றினார். தண்ணீர் பின்பக்கமாகவும் ஏறி, பெரியப்பா அப்போதுதான் நட்டிருந்த வயலில் புகுந்து நாற்றெல்லாம் மிதந்தது. பெரியப்பா தெருவில் வைத்துக் கேட்டார்: “அடைக்கதுக்கு முன்ன ஒரு வார்த்த சொல்லக்கூடாதாலே?” அப்பா, “என் கதவ நான் அடைக்கதுக்கு உங்க உத்தரவு வாங்கணுமோ?” என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு பெரியப்பா திறந்தால் அப்பா அடைப்பார், அப்பா திறந்தால் பெரியப்பா அடைப்பார். கால்வாயில் வரும் தண்ணீருக்கே எந்தப் பக்கம் போவதென்று தெரியாது.

மாமா வந்த மறுநாள் காலை, கிணற்றடியில் எங்களுக்கு அந்த லாக் வித்தையைச் செய்து காட்டினார். துவைக்கிற கல்லில் இருந்து தண்ணீர் வடியும் சின்ன வாய்க்கால்தான் கால்வாய். சோப்பு டப்பா மூடி படகு; மாமா வாயில் படகு எப்போதும் ‘வள்ளம்’தான். என் சிலேட்டு மேலக்கதவு, தம்பி சிலேட்டு கீழக்கதவு. அம்மா துணி துவைத்துக்கொண்டே பார்த்தாள்.

“இப்போ கீழ உள்ளவன் அடைக்கணும், மேல உள்ளவன் திறக்கணும். தண்ணி ஏறும், கூடவே வள்ளமும் ஏறும். பெறவு மேல உள்ளவன் அடைக்கணும், கீழ உள்ளவன் திறக்கணும். வள்ளம் நைசா இறங்கி அந்தப் பக்கம் போயிரும். ஒருத்தன் திறந்தா ஒருத்தன் அடைக்கணும். அம்புட்டுதான்.”

சோப்பு மூடி ஏறியது, இறங்கியது. எங்களுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாமா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “அங்கன இதுக்குச் சம்பளம் குடுத்து ரெண்டு ஆள் போட்டிருக்காங்கக்கா. இங்கன ரெண்டு அத்தானும் சம்பளம் வாங்காமலே அதத்தான செய்தாவ?”

“வாய மூடுலே, காதுல விழுந்திரப் போவுது” என்று அதட்டிவிட்டு, சிரிப்பு வெளியே தெரியாமல் இருக்க அம்மா துணியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது மாமா அப்பாவிடம் விஷயத்தை எடுத்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு படகில் போகிறோம். மேலக்கதவுக்கு மேலே ஏறி, இரண்டு கதவையும் கடந்து, தாமரை பூத்திருக்கும் குளத்தில் போய் இறங்குகிறோம். கரையில் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடுகிறோம்.

“குற்றாலத்துல தேய்ச்ச எண்ணெ தலைக்கு ஏறிட்டா மாப்ள உமக்கு?” என்றார் அப்பா.

“வள்ளத்த நான் கொண்டாரேன் அத்தான். செங்கோட்டையில தெரிஞ்ச ஆளு இருக்கு. சீசனுக்கு வாரவங்கள ஏத்திச் சுத்திக் காட்டுதான். ஒருநாள் கேட்டா தருவான். நீங்க கதவ மட்டும் பாத்துக்கிடுங்க.”

“என் கதவ நான் பாத்துக்கிடுவேன். மேலக்கதவு?”

“பெரியத்தான்ட்ட ஒரு வார்த்த கேட்டாப் போதும்.”

அப்பா சோறு பிசைவதை நிறுத்தினார். “யாரு? நானா?”

“நீங்க எதுக்குக் கேக்கணும்? ஆள் அனுப்பிக் கேளுங்க.”

“நான் போறேன்! நான் போறேன்!” என்று தம்பி எச்சில் கையோடு எழுந்துவிட்டான். அந்த வேலைக்கு அவனைவிட்டால் ஆள் கிடையாது என்றுதான் நானும் நினைத்தேன். யார் எதைச் சொன்னாலும் ஓர் எழுத்து விடாமல், அவர்கள் இருமினால் இருமலோடு சேர்த்து, அவர்கள் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். நான் அப்படியே நேரெதிர். நாலு பேரைப் பார்த்தால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ‘உள்ளேன் ஐயா’ என்று நான் சொல்வது காதில் விழாமல் வாத்தியார் எனக்கு ஆப்சென்ட் போட்ட நாட்கள் உண்டு.

மாமா தம்பியைப் பிடித்து உட்கார வைத்தார். “நீ சாப்பிடு மருமவனே. என் மருமவதான் போணும்.”

நான் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். ஆனால் படகு வேண்டுமே. அதுவரை நான் ஏறிய பெரிய வண்டி தென்காசி டவுன் பஸ்தான். கண்ணை மூடினால் தாமரைக்கு நடுவில் படகு போவது தெரிந்தது. சரி என்று தலையாட்டினேன்.

அப்பா கை கழுவிவிட்டு வந்து என்னைக் கூப்பிட்டார். “உங்க பெரியப்பாட்ட போய்ச் சொல்லு. ஞாயித்துக்கிழம காலைல பத்து மணிக்கு மேலக்கதவ ஏத்தணுமாம். நேரங்காலம் தெரியாம விடியமுன்ன ஏத்தி விட்டுட்டு வந்து குறட்ட விட வேண்டாம்னு சொல்லு. மணி பாக்கத் தெரியுமா தெரியாதான்னும் கேட்டுட்டு வா.”

நான் அதை வாய்க்குள் சொல்லிக்கொண்டே முருங்கை மரம் வரைக்கும் போனேன். அதுவரை எல்லாம் இருந்தது. வேலித் திறப்பில் நுழைந்து, கட்டிலில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்த பெரியப்பாவின் மீசையைப் பார்த்ததும் முக்கால்வாசி காணாமல் போய்விட்டது.

“என்னட்டி?” என்றார்.

“ஞாயித்துக்கிழம பத்து மணிக்குக் கதவத் திறக்கணுமாம். படகுக்கு.”

“யாரு சொன்னா?”

“அப்பா.”

“வேற என்ன சொன்னான்?”

கால் கட்டைவிரலால் தரையில் கோடு கிழித்தேன். “வேற ஒண்ணும் சொல்லல.”

பெரியப்பா திரித்த கயிற்றைப் பிரித்துவிட்டு மறுபடியும் முதலில் இருந்து திரித்தார். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்து, “கேட்டியாட்டி? கதவத் திறக்கணும்னு என்ட்ட கேட்டு விட்டிருக்கான்” என்றார். பெரியம்மா கரண்டியோடு வெளியே வந்து நின்றாள். பெரியப்பா குரலைச் சரிசெய்துகொண்டு பதில் சொன்னார்: “திறக்கேன்னு போய்ச் சொல்லு. நாத்து மிதக்கும்போது எங்க போச்சு இந்தப் புத்தி? அண்ணன்னு ஒருத்தன் உசிரோட இருக்கது இப்பதான் கண்ணுல பட்டுதோன்னு கேளு.”

வரும் வழியில் அதுவும் அப்படியே கொட்டிப்போயிற்று.

“என்ன சொன்னாரு?” என்று அப்பா கேட்டார்.

“திறக்காங்களாம்.”

“வேற?”

யோசித்துப் பார்த்தேன். ஏதோ ஒரு வார்த்தை மட்டும் நினைவில் இருந்தது. “அண்ணன்னு ஒருத்தன் இருக்கேன்னு சொன்னாங்க.”

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். மாமா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு தூங்குவதுபோல் இருந்தார். அவர் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் முழுவதும் எனக்கு அதே வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வைப்பதற்குள் ஒரு செய்தி தயாராக இருக்கும். கதவை முழுசாக ஏற்றினால் தலை இடிக்குமா, குனிந்தால் போதுமா? கால்வாயில் எங்கே கல் துருத்திக்கொண்டிருக்கிறது? தண்ணீர் முழங்கால் அளவு இருந்தால் போதுமா, இடுப்பளவு வேண்டுமா? மாமா மூங்கில் கழியோடு கால்வாயில் இறங்கி நடந்து, ஆழமும் அகலமும் பார்த்துக்கொண்டே இருந்தார். கதவு இருக்கும் வாயின் அகலத்தைக் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தார். அதை அப்பா ஒருமுறை அளந்து, “மாப்ளைக்கு அளக்கத் தெரியல” என்றார். பெரியப்பா தனியாகப் போய் அளந்து, அப்பாவுக்குத்தான் அளக்கத் தெரியவில்லை என்று சொல்லியனுப்பினார். நான், “பெரியப்பாவும் அளந்தாங்களாம்” என்று மட்டும் சொன்னேன்.

ஒருநாள், “அப்பா கதவுக்கு எண்ணெய் போடுதாங்க” என்று பெரியப்பாவிடம் நானாகவே சொல்லிவிட்டேன். மறுநாள் மேலக்கதவின் திருகு பளபளவென்று எண்ணெய் வழிய நின்றது. அதைப் பார்த்துவிட்டு அப்பா கீழக்கதவின் துருவைச் சுரண்டத் தொடங்கினார். அந்தக் கதவுகள் கட்டிய நாளில் இருந்து அவ்வளவு கவனிப்பு கண்டிருக்காது.

பெண்களிடம் இருந்தும் செய்தி வர ஆரம்பித்தது. பெரியம்மா என்னை அடுக்களைக்குள் இழுத்துப்போய்க் கையில் ஓர் அதிரசத்தைத் திணித்துவிட்டுக் கேட்டாள்: “ஞாயித்துக்கிழமைக்கு உங்கம்மா என்னட்டி கிண்டுதா?”

“புளிச்சோறு.”

“வேண்டாம்னு சொல்லு. அவ வெந்தயத்தக் கருக்கித் தொலைச்சிருவா. எத்தன தடவ சொல்லிக் குடுத்தாலும் அவளுக்கு வராது. நான் புளிச்சோறு கிண்டுதேன், அவளத் தயிர்ச்சோறு பெசையச் சொல்லு.”

வீட்டுக்கு வந்து, “பெரியம்மா புளிச்சோறாம், நீ தயிர்ச்சோறாம்” என்றேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. ஆனாலும் அம்மா குனிந்து நெடுநேரம் ஊதிக்கொண்டே இருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் எல்லாம் கெட்டுப்போகப் பார்த்தது.

மாமா சொன்ன முறைப்படி முதலில் கீழக்கதவை அடைத்தாக வேண்டும். அதன்பிறகுதான் மேலக்கதவைத் திறக்க முடியும். பெரியப்பா இதைச் சாதாரணமாகத்தான் சொல்லியனுப்பினார். நானும், “நீங்க முதல்ல அடைக்கணுமாம்” என்று சாதாரணமாகத்தான் சொன்னேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது.

“அடைக்கணுமா? அன்னைக்கு அடைச்சதுக்குத்தான நடுத்தெருவுல நிக்க வச்சுக் கேள்வி கேட்டாரு? இப்போ அவரு சோலிக்கு அடைக்கணுமாக்கும்? நான் அடைக்கேன். ஆனா அவரே வந்து, அவரு வாயால ‘அடை’ன்னு என்ட்ட சொல்லட்டும். ஆளு அனுப்பக் கூடாது. அவரு வாயால சொல்லணும்.”

“அத்தான்...” என்றார் மாமா.

“நீரு சும்மா இரும் மாப்ள.”

அன்றைக்கு நான் முருங்கை மரத்தடியில் நின்றுவிட்டேன். மற்ற செய்திகள் எல்லாம் தானாகச் சுருங்கிப்போகும். இது சுருங்க மாட்டேன் என்றது. இதைச் சொன்னால் படகு வராது என்று தெரிந்தது. சொல்லாவிட்டாலும் வராது. கடைசியில் போய்ச் சொன்னேன். “நீங்க அடைன்னு சொன்னா அடைப்பாங்களாம். உங்க வாயால.”

பெரியப்பா எழுந்து நின்றார். “நான் போயி அவன்ட்ட கேட்டு நிக்கணுமோ?” என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு, “நீ வீட்டுக்குப் போட்டி” என்றார். அவ்வளவுதான் பதில்.

நான் நேரே மாமாவிடம் போய் அழுதேன். அவர் வற்றல் தின்றுகொண்டிருந்தார். “நாளைக்கு வள்ளம் வரும். அழாத” என்றார். வள்ளம் வந்து என்ன செய்யும் என்று எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லேசான சாரலும் லேசான வெயிலும் மாறி மாறி இருந்தன. சொன்னபடி டெம்போவில் படகு வந்து இறங்கியது. பச்சை வர்ணம் அடித்த மரப்படகு. மூக்கில் ஒரு கண் வரைந்திருந்தது. அப்பா சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு கீழக்கதவில் போய் நின்றார். பெரியப்பாவும் சாவியோடு வந்து மேலக்கதவில் நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் கால்வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தயிர்ச்சோற்றுத் தூக்குவாளியோடு கீழக்கதவுப் பக்கம் உட்கார்ந்தாள். பெரியம்மா புளிச்சோற்றுச் சட்டியோடு மேலக்கதவுப் பக்கம் உட்கார்ந்தாள்.

டெம்போவில் வந்த ஆட்கள் படகைத் தூக்கி மேலக்கதவுக்கு முன்னால் தண்ணீரில் விட்டார்கள். மாமா ஏறி நின்று கதவின் வாய்க்கு நேராகத் தள்ளினார். படகு போய் இரண்டு பக்கக் கல்லிலும் முட்டி நின்றது. பின்னால் இழுத்து மறுபடியும் தள்ளினார். மறுபடியும் முட்டியது. கதவின் வாயைவிடப் படகு நாலு விரல் அகலம் அதிகம்.

தம்பிதான் முதலில், “மாமா, வள்ளம் குண்டு!” என்றான்.

“வாரம் பூரா அளந்தீரே மாப்ள?” என்றார் அப்பா, அங்கிருந்தே.

மாமா தலையைச் சொறிந்தார். “கால்வாய அளந்தேன் அத்தான். கதவ அளந்தேன். வள்ளத்த அளக்கல.”

பெரியப்பாவிடம் இருந்து ‘க்ர்ர்’ என்று ஒரு சத்தம் வந்தது. கோபம் என்று நினைத்தேன். சிரிப்பு. அந்தப் பக்கம் பார்த்தால் அப்பாவும் அதே சத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் ஒரே மாதிரி சிரிப்பு என்பதை அன்றுதான் கவனித்தேன். எனக்கு மட்டும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தாமரைக் குளம் போயே போய்விட்டது.

“கொண்டாந்தது கொண்டாந்தாச்சு” என்றார் மாமா. “நடுப்பள்ளத்துல போடுவோம். அக்காமாரு ரெண்டு பேரும் பிள்ளையளோட ஏறுங்க. ஏறி இறங்கியாவது பாப்போம்.”

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். பெரியப்பா வானத்தைப் பார்த்தார். அதையே உத்தரவாக வைத்துக்கொண்டு இருவரும் புடவையைச் செருகிக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே. ஆட்கள் தூக்கி வைத்த படகு தரையைத் தட்டிக்கொண்டு நின்றது. அம்மா ஒரு மூலையில், பெரியம்மா எதிர் மூலையில், நடுவில் நானும் தம்பியும். மாமா கழியை ஊன்றிக்கொண்டு பின்னால் நின்றார்.

கீழக்கதவு திறந்தே இருந்தது. அப்பா சாவியை மாட்டிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், அந்த ஒரு வார்த்தைக்காக. பெரியப்பா அந்த வார்த்தையைச் சொல்லாமலே காரியத்தை முடிக்க நினைத்தாரோ என்னவோ, சட்டென்று மேலக்கதவைத் திருகி ஏற்றிவிட்டார்.

தண்ணீர் சுருட்டிக்கொண்டு வந்தது. படகு தரையில் இருந்து விடுபட்டு ஆடியது, திரும்பியது, பிறகு பின்பக்கமாக ஓட்டம் எடுத்தது. தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தானே அதுவும் போகும்? அப்பாவின் கதவை நோக்கி வேகமாகப் போனோம். பெரியம்மா, “ஏ முருகா!” என்று கத்திக்கொண்டு எழுந்து, அம்மாவின் மேலே விழுந்தாள். அம்மா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மாமா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கழியை ஊன்றிப் படகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ஏலே! அடைலே! அடை! அடைச்சுத் தொலைலே!” என்று பெரியப்பா போட்ட சத்தத்தில் தென்னையில் இருந்த காக்கை எல்லாம் பறந்தது.

“அடைக்கேண்ணே!” என்று அப்பா சாவியின் மேல் பாய்ந்தார்.

கீழக்கதவு கடகடவென்று இறங்கியது. ஓடிய தண்ணீர் முட்டி நின்று, சுழித்து, அமைதியாகி, ஏறத் தொடங்கியது. எங்கள் படகும் ஏறியது. பாசி படிந்த கற்கள் ஒவ்வொன்றாகக் கீழே போயின. முதலில் அப்பாவின் கால் தெரிந்தது, பிறகு முழங்கால், பிறகு முகம். முகமெல்லாம் வியர்த்திருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியதும் வயலும், தென்னந்தோப்பும், அதற்குப் பின்னால் மேகம் மூடிய குற்றால மலையும், மலையில் வெள்ளைக் கோடுபோல் அருவியும் தெரிந்தன.

“இப்போ உங்க அண்ணன் அடைக்கணும்” என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு.

“அண்ணே, அடைங்க!” என்று அப்பா கத்தினார்.

“அடைச்சாச்சு! நீ திற!”

“திறக்கேன்!”

படகு இறங்கியது. மலை போயிற்று, தோப்பு போயிற்று, மறுபடியும் பாசியும் கல்லிடுக்கில் எட்டிப் பார்க்கும் நண்டும். “இன்னொருக்க!” என்றான் தம்பி. இன்னொரு தடவை ஏறினோம். அதன்பிறகு யாரும் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. “ஏலே, மெதுவா ஏத்து, பிள்ளைய பயப்படும்” என்று பெரியப்பாவும், “எனக்குத் தெரியும்ணே, உங்க கதவுல கசியுது, அதப் பாருங்க” என்று அப்பாவும் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டே இருந்தார்கள். ஒரு செய்தியைக்கூட யாரும் என்னிடம் கொடுத்து அனுப்பவில்லை.

அம்மாவும் பெரியம்மாவும் ஒரே மூலைக்கு வந்துவிட்டார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மலையையும் பார்க்கவில்லை, நண்டையும் பார்க்கவில்லை. காதோடு காதாக ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்கள். நடுவில் அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்து, “வருசமெல்லாம் படகுலேயே கிடக்கவனுக்குப் படகு அகலம் தெரியாதாக்கும்!” என்றாள். இவ்வளவு சந்தோஷமான நேரத்தில் பாவம் மாமாவை எதற்குத் திட்டுகிறாள் என்று எனக்கு இருந்தது. பெரியம்மா வேறு அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“மாமா, குளத்துக்கு எப்போ போவோம்?” என்று கேட்டேன்.

“இதுக்கு மேல எங்கட்டி போவணும்?” என்றாள் பெரியம்மா.

இது என்ன பதில் என்று தோன்றியது. கிளம்பிய இடத்திலேயேதானே இருக்கிறோம்? சில வருடங்களுக்கு முன் சீசனில் என் மகனைக் குற்றாலத்தில் படகில் ஏற்றினேன். வரிசையில் நின்று, டிக்கெட் எடுத்து, ஒரு சுற்றுச் சுற்றி இறங்கியதும், “எங்கயும் போவாம சும்மா சுத்திட்டு வாரதுக்கா இம்புட்டு நேரம் நின்னோம்?” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்குப் பசி எடுத்த பிறகுதான் கரை ஏறினோம். ஒரே இலையில் புளிச்சோறும் தயிர்ச்சோறும் வந்தன. பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு சாவிகளும் அவர்களுக்குப் பின்னால் புல்லில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

சாப்பாட்டுக்கு நடுவில் அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: “அண்ணே, மணி பாக்கத் தெரியுமான்னு கேட்டு விட்டத மனசுல வச்சுக்கிடாதிய.”

“எப்போலே கேட்ட?”

“அன்னைக்கு, முத நாளு. குறட்டன்னும் ஏதோ...”

“என்ட்ட யாரும் அப்பிடிச் சொல்லலியே? நான்லா, ‘நாத்து மிதக்கும்போது எங்க போச்சு புத்தி’ன்னு கேட்டு விட்டேன்.”

“என்ட்டயும் யாரும் சொல்லலியே?”

இருவரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பினார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பெரியம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். செய்தியைப் பாதி வழியில் தொலைத்ததற்கு அடி விழும் என்று நினைத்தேன். அடி விழவில்லை. அந்த ‘க்ர்ர்’ சத்தம்தான் இரண்டு பக்கமிருந்தும் கேட்டது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேம்லா மாமா? என்னைய அனுப்பிருந்தா ஒரு வார்த்த விடாம அப்பிடியே சொல்லிருப்பேன்!”

“ஆமா மருமவனே” என்றார் மாமா. “நீ ஒரு வார்த்தகூட விட்டிருக்க மாட்ட. அது மாமாக்குத் தெரியாதா?” அவன் தலையைத் தடவிக்கொடுத்து, பொட்டலத்தின் அடியில் மிச்சமிருந்த நேந்திரங்காய் வற்றலை அப்படியே அவன் கையில் கொட்டினார்.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. வாரம் முழுவதும் முருங்கை மரத்தைத் தாண்டி நடையாய் நடந்தவள் நான். பாராட்டும் வற்றலும் அவனுக்கா? சொன்னதைச் சொல்லத் தெரியாதவள் என்று எல்லார் முன்னாலும் என்னைக் குறை சொல்லிவிட்டாரே! வீடு திரும்பும்போது மாமா என் கையைப் பிடிக்க வந்தார். நான் கையை உதறிக்கொண்டு முன்னால் நடந்தேன். இனி இந்த மாமாவோடு பேசுவதே இல்லை என்று முடிவுசெய்துகொண்டேன். எங்களுக்குப் பின்னால் அப்பாவும் பெரியப்பாவும் நாளைக்கு எந்தக் கதவை யார் திறப்பது என்று உரக்கப் பேசிக்கொண்டே வந்தார்கள்.